அடுத்தவர் போனில் இருந்த என் குரல்

என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்.

ஏற்காட்டில் கிளியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் காய வைக்கும் களத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஐந்தாவது வரைதான் படித்தேன். போனில் எழுத்துக் கோக்க வராது. அதனால் தினமும் சாயங்காலம் களத்து நிலவரத்தைப் பேசிப் பதிவு செய்து ரைட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். காப்பி எவ்வளவு காய்ந்தது, மழை வருமா, தார்ப்பாய் மூடியாயிற்றா, அவ்வளவுதான். நாலு பேர் எதிரில் இருந்தால் எனக்கு வாய் திறக்காது. போனில் ஆள் முகம் தெரியாது, பேசிவிடுவேன்.

ஒரு தை மாதச் சாயங்காலம் அப்படி அனுப்பியதும் ரைட்டர் உடனே கூப்பிட்டார்.

"யாருய்யா அது? ராசு போன எதுக்கு எடுத்த?"

"நாந்தானுங்க, ராசு."

"நீயா? என்னய்யா இது, தகர டப்பாவுல சரளக்கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி இருக்குது?"

காப்பித் தோலின் தூசி என்று நினைத்தேன். மிளகுக் கசாயம் குடித்தேன். வலி இல்லை. வலி இல்லாததுதான் என்னை ஏமாற்றியது. பீடியை மட்டும் விடவில்லை. மூன்று மாதம் அப்படியே போனது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தொண்டைக் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால், கசாயத்தை வைத்துவிட்டுப் போய்க் காட்டுங்கள். எழுதுவதென்றால் இதை முதலில் எழுதுங்கள் என்று எங்கள் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

என்னைக் கூட்டிப் போனவள் என் மனைவி. அவள் பெயரை எழுதக் கை கூசுகிறது. எங்கள் பக்கம் புருசன் பெண்டாட்டி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் என் வயதுக்காரர்களிடம் இல்லை. இருபத்து நாலு வருடமாக எனக்கு அவள் "இந்தா புள்ள", அவளுக்கு நான் "ஏனுங்க". பெயரைப் பிறகு எழுதுகிறேன்.

"ஏனுங்க, சோறு முழுங்கறப்ப மொகஞ் சுளிக்கறீங்க. இன்னும் எத்தன நாளைக்கு எங்கிட்ட மறைப்பீங்க?" என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் இறங்கினோம்.

டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார். அதன் நுனியில் கேமரா. பிறகு பயாப்சி (சந்தேகப்படும் இடத்தில் ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளிச் சோதிப்பது). முடிவு வர ஒரு வாரம். குரல்வளையில் புற்றுநோய். குரல் நாண்களைத் தாண்டிப் பரவிவிட்டது. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும், மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை வைப்போம், பழைய குரல் இனி வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"உசுருக்கு வழி இருக்குதுங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இருக்கும்மா. இப்ப எடுத்துட்டா நல்லாவே இருக்கு."

"அப்ப எடுத்துருங்க. இத்தன வருசம் பேசி மட்டும் என்ன கிழிச்சாரு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். வெளியே வந்து வராந்தாவில் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் முகம் கழுவினாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் திரும்பக் கூப்பிட்டார். "ஆப்பரேசனுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. வீட்டுல இருக்கறவங்களுக்கு ஏதாச்சும் பேசிப் பதிஞ்சு வச்சுக்குங்க. பின்னாடி நிறையப் பேர் அதுக்கு ஏங்குறாங்க."

எனக்கு என்ன பேச வேண்டும் என்று தெரியும். அவளுக்கு ஒரு நன்றி. களத்துக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் போனை எடுத்துக்கொண்டு நின்றேன். முதல் தடவை காற்றுதான் பதிந்தது. இரண்டாம் தடவை "இந்தா புள்ள" என்றேன், மேலே வரவில்லை. மூன்றாவதில் இருமல். நாலாவது தடவை கம்மிப்போன அந்தக் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்தேன். நாளைக்குப் பேசலாம் என்று தினமும் சொல்லிக்கொண்டேன். ஆறாவது நாள் தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

கண் விழித்ததும் அவளிடம் தண்ணீர் கேட்டேன். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் உடம்புக்கு அதைப் புரிந்துகொள்ள வெகுநாள் ஆனது.

இரண்டு வாரம் மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அவள் ராகிக் கஞ்சியைத் துணியில் மூன்று முறை வடிகட்டி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் ஊற்றி மெல்ல இறக்குவாள். கழுத்துத் துளையில் சளி அடைத்தால் எடுக்கக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் நர்சைக் கேட்டுக் கேட்டுச் செய்தாள். மூன்றாம் நாள் நர்சுக்கே யோசனை சொன்னாள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. அதுவரை சேலத்தில் எங்கள் மகள் கவிதாவின் வீட்டில் இருந்தோம்.

ஏற்காடு திரும்பியபோது பனிதான் முதல் தொந்தரவு. மூக்கு வழியாக மூச்சு விட்டால் காற்று சூடாகி உள்ளே போகும். எனக்கு நேராக நெஞ்சுக்குள் குளிர் இறங்கியது. அவள் என் பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி, நாடா வைத்துத் தைத்து, ஈரம் பிழிந்து கழுத்தில் கட்டிவிட்டாள். இன்றைக்கும் காலையில் அதுதான் அவளுடைய முதல் வேலை. எதற்காவது அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுவேன். ஒரு தட்டுக்குத் தண்ணீர், இரண்டு தட்டுக்கு வா.

ரைட்டர் என்னைக் களத்துக்கு விடவில்லை. "தூசி ஆகாது. நாத்துப் பண்ணையில செடிப் பைகளுக்கு மண்ணு நெரப்பு" என்றார். நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒருநாள் கவிதா வந்திருந்தாள். நான் வெளியே இருந்தேன். அடுப்படியில் அவள் அம்மா பேசுவது கேட்டது.

"கண்ணு, உங்கப்பன் கொரல் எப்படி இருந்துதுன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், வர மாட்டேங்குது. திட்டுனது கூட நெனப்புல இல்ல. உன் போனுல எங்கயாச்சும் கெடக்குதா?"

கவிதா தேடினாள். நான் அவளோடு போனில் பேசியதெல்லாம் "ஊடு போய்ச் சேந்துட்டியா, செரி வெச்சர்றேன்" என்பதுதான். அதுவும் பதிவில் இல்லை. அவள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். பந்தியில் நான் இலை போட்டுக்கொண்டே போகிறேன், வாயை இறுக மூடிக்கொண்டு.

என் மனைவி இதுவரை எதையும் என்னிடம் கேட்டவள் அல்ல. இதையும் என்னிடம் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரைட்டரிடம் போனேன். குரல் போன பிறகு எழுத்துதான் எனக்கு வாய். கவிதா வாங்கித் தந்த இரட்டைக் கோடு நோட்டில் அதற்குள் ஓரளவு பழகியிருந்தேன். (இந்தக் கட்டுரையிலும் அவள் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறாள்.) "என் குரல் உங்கள் போனில் இருக்கா? என் சம்சாரத்துக்கு வேணும்" என்று எழுதிக் காட்டினேன்.

ரைட்டர் அதை இரண்டு முறை படித்தார். "நான் எதையும் அழிக்கறதில்லய்யா. எல்லாம் சோம்பேறித்தனம். இன்னிக்குத்தான் அதுக்கு ஒரு பலன்" என்று போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூன்று வருடத்துச் சாயங்காலங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தொட்டார். என் குரல் வந்தது. இவ்வளவு மெலிசான குரலா எனக்கு இருந்தது? செத்துப்போன ஒரு தம்பியின் குரலைக் கேட்பது போல இருந்தது.

அங்கிருந்து ஒண்டிக்கடை ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் செல்வத்திடம் போனேன். எஸ்டேட் மூட்டைகளை ஏற்றிப் போகிறவன்.

"அண்ணா, எம் போன்ல எல்லாக் காலும் தானாப் பதிவாகும். எம் பொண்டாட்டி தேடாம இருக்கற வரைக்கும் எனக்கு நல்லது" என்றான். பிறகு நோட்டைப் பார்த்தான். "அண்ணிக்கா? அப்ப நானும் ரெண்டு வார்த்த பேசித் தர்றேன்."

நான் கேட்டது என் குரலை மட்டும்தான். ஆனால் யாருக்கு என்று தெரிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவளிடம் சொல்ல ஏதோ இருந்தது. ரைட்டர், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவளோடு காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள், ஆசுபத்திரி நர்சு ஒருவர், எல்லோரும் பேசித் தந்தார்கள். கவிதா அவற்றைச் சேர்த்து ஒரு பென் டிரைவில் ஏற்றினாள்.

வீட்டுக்குள் அமைதியாக அவளிடம் கொடுத்துவிட நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வம் ஜீப்பைக் கொண்டுவந்து நாங்கள் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு முன்னால் நிறுத்தினான். "போன்ல கேட்டா உங்க கொரல் கொசு மாதிரி இருக்கும், அண்ணா. ஜீப்புல கேட்டாத்தான் ஆம்பளக் கொரல்" என்று பென் டிரைவைச் செருகிவிட்டான். லயனே கூடிவிட்டது. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"ரைட்டருங்க, ராசு பேசறனுங்க. இன்னிக்கு வெயில் செரியில்லீங்க. காப்பி இன்னும் ஈரந்தானுங்க."

சிரிப்பு எழுந்தது. "பொண்டாட்டிக்குச் சொல்ற சேதியப் பாரு! இதுக்கா ஜீப்பு?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். என் மனைவி சிரிக்கவில்லை. சோப்பு நுரைக் கையோடு துணிக்கல்லை விட்டு எழுந்து ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அடுத்துச் செல்வத்தின் குரல். "அண்ணி, அண்ணன சேலத்துல இருந்து கூட்டிட்டு வந்தப்ப இருவது கொண்டை ஊசி வளைவுலயும் அவரு தலைய ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டே வந்தீங்க. கண்ணாடியில பாத்தேன். அன்னிக்கு நான் ஒரு வளைவுல கூட வேகமாத் திருப்பல." நான் தூங்கிக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரியாது.

பிறகு ரைட்டர். "அம்மா, யார் கிட்டயும் சொல்லாதீங்கன்னீங்க. இன்னிக்குச் சொல்லிடறேன். 'அவருக்குக் களத்துத் தூசி ஆகாதுங்க, பண்ணையில எடம் குடுங்க, நீங்களே குடுத்த மாதிரி இருக்கட்டும்'னு வந்து நின்னது நீங்கதான்." அதுவும் எனக்குத் தெரியாது. தொட்டியின் ஈரச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் மறுபடி என் குரல். இரண்டு வருடத்துக்கு முந்தையது. அனுப்பியதையே நான் மறந்திருந்தேன்.

"ரைட்டருங்க, நாளைக்கு நான் வர முடியாதுங்க. பாப்பாத்திக்கு நொம்பக் காச்சலுங்க. அவ படுத்துட்டா ஊட்டுல எது எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியலீங்க. நான் இத்தன வருசமா ஒரு மனுசனா நடமாடுனது பாப்பாத்தியாலதானுங்க. கோவிச்சுக்காதீங்க. தார்ப்பாய் மட்டும் யாரயாச்சும் மூடச் சொல்லுங்க."

சத்தம் நின்றது. அவள் தொட்டிப் பக்கம் திரும்பினாள். நான் அங்கேதான் இருப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா?

"இவருக்கு எம் பேரு தெரியுமாக்கும்!" என்றாள் எல்லோருக்கும் கேட்க. "ரைட்டருக்குச் சொல்ல வாய் இருந்திருக்குது, எனக்குச் சொல்லத்தான் இல்ல." லயன் முழுக்கச் சிரித்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நுரை கன்னத்தில் ஒட்டியது.

"செல்வம், அந்தக் கடைசியத் திருப்பிப் போடு, சாமி."

மூன்று முறை கேட்டாள்.

நாலாவது முறை அந்தப் பெயரை நானே சொல்ல முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆசுபத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண், குரல்வளை இல்லாமலும் ப, த, க போன்ற ஒலிகள் வரும், அவற்றுக்கு வாய்க்குள் இருக்கும் காற்றே போதும் என்று சொல்லியிருந்தார். பத்து, பட்டு, கப்பு என்று பல மாதம் சொல்லிப் பழகியிருந்தேன். பக்கத்திலேயே இருந்த ஒரு சொல் எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மறுநாள் காலை அவள் கழுத்துத் துணியைப் பிழிந்துகொண்டு வந்தாள். நாடாவைக் கட்டும்போது அவள் முகம் பக்கத்தில் இருக்கும். உதட்டைச் சேர்த்து, காற்றை நிறுத்தி, விட்டேன்.

"பாப்பாத்தி."

அது குரல் இல்லை. கஞ்சி கொதிக்கும்போது குமிழ் உடைகிற அளவுச் சத்தம். அவள் கை முடிச்சில் நின்றது. கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன்.

"கேட்டுது. உங்களுக்குக் கொரல்தான் போச்சு, எங் காது போகல" என்று முடிச்சை இறுக்கினாள். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டு, தளர்த்தினாள். "இனிமே டம்ளரத் தட்டாதீங்க."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேலம் போய்க் காட்டுகிறேன். அடுத்த முறை வரைக்கும் என்றுதான் நாட்களை நினைக்கிறேன். முன்பு வருடத்தைப் பழப் பறிப்புக்குப் பறிப்பு கணக்கு வைப்பேன். இப்போது காலைக்குக் காலை. என் மூச்சு கழுத்து வழியாக வந்து போகிறது. காப்பி பூத்தால் மணம் பாதிதான் தெரிகிறது. பாரம் தூக்கினால் நெஞ்சில் தம் நிற்பதில்லை. வாய்க்குள் கொள்ளுகிற காற்றில் ப, த, க போன்ற சில ஒலிகள் மட்டும் வருகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை முறை அவளைக் கூப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியாது. பாதி நேரம் வேலை எதுவும் இருப்பதில்லை. அவளும் ஏன் என்று கேட்பதில்லை, வந்து நின்றுவிட்டுப் போகிறாள்.