வாஷிங் மெஷினும் வைட்டமின் மாத்திரையும்

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். எர்த் கம்பியின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் போடுவேன். "கசியிற கரண்ட் மண்ணுக்குள்ள போயிடணும். இல்லன்னா தொடுற ஆள் வழியாப் போகும். புரிஞ்சுதா?" என்று மூன்று முறை கேட்பேன். மூன்று முறையும் "புரிஞ்சுது சார்" என்பார்கள். புரியாமல் இருந்தது யார் என்பது நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

திருவாரூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீடு அப்பா கட்டியது. சுவரில் மரச்சட்டம் அடித்து அதன் மேல் ஒயர் ஓடும். பீங்கான் பியூஸ் போனால் நானே கம்பி சுற்றிக்கொள்வேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது எனக்குக் கௌரவக் குறைச்சல். இயற்பியல் வாத்தியார் வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வந்து போனால் ஊரில் என்ன பேசுவார்கள்?

மூன்று வருடத்துக்கு முன்பு ஒருநாள் என் மனைவி கொல்லைப்புறத்திலிருந்து வந்து, "மெஷினத் தொட்டா ஜிவ்வுங்குதுங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். வாஷிங் மெஷினைத் தொட்டேன், தட்டினேன், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். ஒன்றுமில்லை. "உன் பிரமை" என்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் செருப்பு கூடாது என்பது அவள் சட்டம். கொல்லையிலும் வெறுங்காலோடுதான் நடப்பாள். எனக்கு மட்டும் பித்தவெடிப்பை முன்னிட்டு விலக்கு. வைத்தியர் சொன்னபடி காலை எழுந்தது முதல் ரப்பர் செருப்போடுதான் இருப்பேன். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதும் நான் நடத்திய பாடம்தான்.

அவள் வாரத்துக்கு இரண்டு முறை சொன்னாள். நானும் இரண்டு முறை கட்டிப்பிடித்தேன். கடைசியில் இது நரம்புத் தளர்ச்சிதான் என்று முடிவு கட்டி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"கை எப்பல்லாம் ஜிவ்வுங்குதும்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"மெஷினத் தொடுறப்ப மட்டும் டாக்டர்."

"இல்ல டாக்டர், பொதுவாவே" என்று நான் திருத்தினேன். வகுப்பில் பதிலைத் திருத்தியே பழகிவிட்ட வாய். டாக்டர் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் எட்டு மாதம் விடாமல் சாப்பிட்டாள்.

பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். மெஷின் பட்டனை மரக் கரண்டியால் அழுத்துவதும், சுவிட்சை அணைத்துவிட்டுத் துணி எடுப்பதுமாக ஒரு முறையைத் தானே ஏற்படுத்திக்கொண்டிருந்தாள். நான் மாத்திரை வேலை செய்துவிட்டது என்று நினைத்து, இரண்டு மூன்று பேருக்கு அதைச் சிபாரிசும் செய்தேன்.

போன ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. வயல், வாய்க்கால், எங்கள் கொல்லை எல்லாம் ஒரே தண்ணீர். ஐந்தாம் நாள் காலை பின்பக்கம் வாளி உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். அவள் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சுவிட்ச அணைக்க மறந்துட்டேங்க. கை ஒட்டிக்கிச்சு."

என் கை பழக்கதோஷத்தில் மெஷினைத் தொட்டது. "ஒண்ணும் இல்லையே" என்று வாய் ஆரம்பித்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க."

கழற்றினேன். ஒரே ஒரு விரலால் தொட்டேன். என் மூக்குக் கண்ணாடி பிற்பாடு வாழை மரத்தடியில் கிடைத்தது. நான் அவள் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தேன். இதைத்தான் இவள் மூன்று வருடமாகத் தொட்டுக்கொண்டிருந்தாளா என்று நினைத்தபோது அவமானம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தால், இந்த வீட்டில் நானும் என் செருப்பும்தான் மிஞ்சியிருப்போம்.

அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்தவர் என் பழைய மாணவர், தலை நரைத்துவிட்டது. இயற்பியலில் இரண்டு முறை நான் பெயில் போட்ட ஆள். மெயினை அணைத்துவிட்டு, எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். தண்ணீர்க் குழாயருகே நின்றுவிட்டார்.

"சார், இத யாரு சார் கட்டுனது?"

அப்பா காலத்தில் எர்த் கம்பி அடிபம்பின் இரும்புக் குழாயில் கட்டியிருந்தது. ஆழமாக மண்ணுக்குள் போகிற குழாய் என்பதால் அதுவே எர்த். மூன்று வருடம் முன்பு அது துருப்பிடித்துப் போனதால் எடுத்துவிட்டு, மோட்டாரும் பிளாஸ்டிக் குழாயும் போட்டோம். அவிழ்ந்து தொங்கிய கம்பியைப் பிளாஸ்டிக் குழாயில் நானே ஏழு சுற்றுச் சுற்றி, குறடால் முறுக்கிக் கட்டியிருந்தேன்.

"எவனோ குழாய்க்காரன் கட்டிட்டுப் போயிருப்பான்ப்பா" என்றேன்.

"இவங்கதான் தம்பி கட்டுனாங்க" என்றாள் என் மனைவி, பின்கட்டு வாசலிலிருந்து. "கட்டிட்டு என்னைக் கூப்பிட்டு வேற காட்டுனாங்க."

அவர் கம்பியை இழுத்துப் பார்த்தார். "கட்டு நல்லா இருக்கு சார்" என்றார். நான் அவருக்குப் போட்ட இரண்டு பெயிலும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

இரண்டு நாள் வேலை நடந்தது. பழைய ஒயர் முழுக்க வெளியே வந்தது. கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, புதிதாக எர்த் இறக்கினார். பீங்கான் பியூஸ் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பா. கொஞ்சம் மின்சாரம் கசிந்தாலும் அது தானாகவே இணைப்பைத் துண்டித்துவிடுமாம்.

மூன்றாம் நாள் காலை அவள் மெஷினைப் போட்டாள். டக்கென்று வீடு முழுக்க மின்சாரம் நின்றது. டப்பாவின் விசையைத் தூக்கிவிட்டேன். மறுபடியும் டக். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போனைப் போட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"டப்பா கோளாறுப்பா. மெஷினப் போட்டா போதும், நின்னுடுது."

"டப்பா சரியாத்தான் இருக்கு சார். மெஷின்லதான் கரண்ட் கசியுது. அதத் தெரிஞ்சுக்கிட்டுதான் நிறுத்துது. அம்மாவ அதத் தொட வேணாம்னு சொல்லுங்க, நான் வந்து பாக்குறேன்."

என் மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, டப்பாவை அண்ணாந்து பார்த்தாள்.

"மூணு வருஷமா நான் சொல்லிக்கிட்டிருந்தத இது ஒரு நொடியில கேட்டுக்கிச்சு" என்றாள்.