காதர் பாய் வீட்டு ஹால் பேனல்

1. டைல்ஸ் விழுந்த காலை

"அக்கா, டைல்ஸ் விழுந்துட்டு. அவுக பாத்துக்கிட்டு இருக்கும்போதே விழுந்துட்டுக்கா!"

ஜமீலா போனில் அழுதுகொண்டே இப்படிச் சொன்னபோது நான் காப்பிகூடக் குடித்திருக்கவில்லை. அவள் வீட்டு ஹால் சுவரில் நான் செய்த மிக்ஸ்டு மீடியா பேனலை மாட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

மிக்ஸ்டு மீடியா என்றால் பெயிண்ட், துணி, மரம், கல் என்று கையில் கிடைப்பதையெல்லாம் ஒரே பலகையில் சேர்த்துச் செய்கிற வேலை. என் வீட்டுக்காரர் இதைக் காயலாங்கடை வேலை என்பார். இதற்கு முன்பு குற்றாலத்து லாட்ஜ் சுவர்களில் அருவியும் குரங்கும் வரைந்தே பாதி ஆயுசைக் கழித்தவள் நான். "குரங்கு இன்னும் கொஞ்சம் சிரிச்சாப்ல இருக்கட்டும்மா" என்று சொல்லாத மேனேஜர் கிடையாது. அதற்குக் காயலாங்கடை எவ்வளவோ மேல்.

ஜமீலாவின் வீட்டுக்காரர் காதர் பாய் துபாயில் வேலை பார்ப்பவர். கல்யாணம் ஆனதிலிருந்து லீவுக்கு வருவதும் போவதுமாகவே காலம் ஓடியிருக்கிறது. அவர் அங்கே உழைக்க, இவள் இங்கே கூட நின்று, தென்காசியில் கட்டிய வீடு அது. எனக்கு வேலை கொடுக்க வந்த அன்றே ஜமீலா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"அவுக இன்னும் விசாவ கேன்சல் பண்ணலக்கா. லீவுலதான் வாராக. இங்கன இருந்து பாத்துட்டுச் சொல்லுதேங்காக. பிள்ளையக் கட்டிக் குடுத்தாச்சி, இனிமே என்னத்துக்கு அங்கன கெடக்கணும்? உள்ள வந்து நின்னதும் இது நம்ம வீடுன்னு அவுக மனசுல படணும். அப்படி ஒண்ணு செஞ்சு தாங்க."

"நீங்க ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிற மாதிரி வச்சிருவமா?"

"முகம் வேண்டாம்க்கா. ஹால்லதான் தொழுவோம். மூஞ்சி இருந்தா ஆவாது."

ஆள் முகமே இல்லாமல் ஒரு வீட்டைக் காட்ட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. வீடு கட்டி மிஞ்சிய டைல்ஸ், கிரானைட் சில்லு, ஜன்னல் கிரில் துண்டு, வாசல் நிலை அறுத்ததில் விழுந்த தேக்கு எல்லாம் அவள் மொட்டைமாடியில் கிடந்தன. அத்தனையையும் ஆட்டோவில் ஏற்றி என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். அவற்றை வைத்தே பிளைவுட் பலகையில் அந்த வீட்டின் முன்பக்கத்தைச் செய்தேன். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் அசந்துபோனார்கள். நானும்தான்.

2. யாரு வீடு இது

போய்ப் பார்த்தால், விழுந்தது ஒரே ஒரு டைல்ஸ். கனமான துண்டு, ஓரத்தில் பிடிமானம் போதவில்லை. பின்னால் ஒரு கிளிப் கொடுத்தால் தீருகிற விஷயம். ஜமீலா அழுதது அதற்காக இல்லை. அடுப்படிக்குள் என்னை இழுத்துப் போய் மெதுவாகச் சொன்னாள்.

"பேனலப் பாத்துட்டு, நல்லாருக்கு, யாரு வீடு இதுன்னு கேக்காகக்கா. வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு கேக்காக."

காதர் பாய் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஃபேன் போடுகிறேன் என்று லைட்டைப் போட்டார், வெளி விளக்கைப் போட்டார், கடைசியில் ஜமீலாவைப் பார்த்தார். தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறப்பதற்குக்கூட அவளைத்தான் பார்த்தார். ஊர் வந்து மூன்று நாளாகியும் அறைக்குள் அவருடைய சூட்கேஸ் பிரிக்காமல் நின்றது. சொந்த வீட்டில் விருந்தாளியாக இருக்கிற மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பலகையை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டைல்ஸை மாட்டியபடியே பேச்சுக் கொடுத்தேன்.

"அங்க வீடு எப்படி பாய்?"

"வீடா? பெட் ஸ்பேஸ்தான்க்கா. ஒரே ரூமுக்குள்ள அடுக்குக் கட்டிலு. எனக்குக் கீழ்க்கட்டிலு. சுத்தி ஒரு துணியக் கட்டிருப்பேன். டூட்டி முடிஞ்சு வந்து அத இழுத்து விட்டுட்டா அதான் வீடு. அதுக்குள்ள இருந்தா ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

"என்ன துணி?"

அவர் கூச்சத்துடன் சிரித்தார். உள்ளே போய் சூட்கேஸைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். பூப்போட்ட வாயில் சேலை. ட்யூப்லைட் பக்கம் இருந்த பாதி வெளுத்திருந்தது. மேல் ஓரம் முழுக்க ஊக்குக் குத்திய ஓட்டைகள்.

ஜமீலா வாங்கி விரித்துப் பார்த்தாள். "இது ஊறுகா பாட்டில் ஒடையாம நான் சுத்திக் குடுத்து விட்ட சேலைல்லா?"

"ஆமா."

"இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலியே!"

"என்னன்னு சொல்ல? ஒஞ்சேலைக்குள்ளதான் தூங்குதேன்னா?"

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அந்தச் சேலையாலேயே கண்ணைத் துடைத்தாள். கல்லையும் கிரில்லையும் வைத்து நான் செய்தது ஜமீலாவின் வீடு. காதர் பாயின் வீடு சட்டைகளுக்கு அடியில் மடிந்து கிடந்திருக்கிறது.

3. ஒட்டாமல் விட்ட துணி

"இத அதுலயே ஒட்டிருங்கக்கா, இப்பவே" என்றாள் ஜமீலா.

சேலையின் ஒரு முனை காதர் பாய் கையில் இருந்தது, விடவில்லை. பசை போட்டு ஒட்டிய துணியைத் திரும்ப எடுக்க முடியாது. எடுத்தால் கிழிந்துதான் வரும். அது இல்லாமல் அவர் போய் அந்தக் கட்டிலில் படுக்கவும் முடியாது. ஜமீலாவுக்கு இது தெரியும். அதனால்தான் அத்தனை அவசரம்.

"ஒட்ட மாட்டேன்" என்றேன்.

"ஏங்க்கா? இதுதான ஒங்க வேல?"

"ஒட்டுதது என் வேலதான். இருக்கதும் போறதும் பாயோட பாடு. என் பசைய வச்சி ஆளக் கட்டிப்போடச் சொல்லுதியா?"

அவளுக்கு என் மேல் வருத்தம். அன்று டீகூடத் தரவில்லை. நான் பலகையின் மேல் ஓரத்தில் கர்ட்டன் ஸ்பிரிங் இழுத்து, வளையம் கோத்து, வீட்டுக்கு முன்னால் சேலையைத் தொங்கவிட்டேன். இழுத்தால் வீடு மறையும், விலக்கினால் தெரியும். எப்போது வேண்டுமானாலும் கழற்றிக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து, யார் வீட்டுக்கு வேலை எடுத்தாலும் சுவரை அளப்பதற்கு முன், "எங்கே நிம்மதியாகத் தூங்கினீர்கள்?" என்று கேட்டுவிடுகிறேன். கிறுக்கச்சி என்று நினைப்பவர்களும் உண்டு, நினைக்கட்டும். வீட்டைப் பற்றிய வேலையை முழுசாக முடித்துக் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் அந்தப் பேனலில்தான் கற்றுக்கொண்டேன். அங்கே இருக்கப்போகிறவர் முடிப்பதற்கு ஓர் இடம் விட வேண்டும்.

லீவு முடியப்போகிற சமயம், ஒரு மத்தியானம், என் ஷெட் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மலையே தெரியாமல் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. டிரைவரும் காதர் பாயுமாகப் பேனலை இறக்கினார்கள். சேலை பேனலில் இல்லை, அவர் தோளில் கிடந்தது. துபாய்க்குத் திரும்பிப் போகக் கழற்றிவிட்டார் என்று நினைத்தேன். ஜமீலாவை நினைத்து, ஒட்டித் தொலைத்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

அவர் சேலையை என் மேஜையில் விரித்தார்.

"இத ஒட்டிருங்கக்கா."

"ஒட்டலாம் பாய். ஆனா இந்தச் சாரல்ல காயாது. வெயிலு வரணும். ரொம்ப நாளாவும்."

"ஆவட்டுமே. நான் இங்கனதான இருக்கேன்."