பொன்னுசாமி சொன்ன காடு

முத்துசாமி மகன் தெய்வசிகாமணி ஆகிய நான், திருச்செங்கோட்டில் வழக்கறிஞராகத் தொழில் செய்து வருகிறேன். காலஞ்சென்ற விவசாயி பொன்னுசாமியை நேரில் நன்கு அறிவேன். அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பார்க்காமல் பிறர் சொல்லக் கேட்டதை, கேட்டதாகவே குறித்திருக்கிறேன்.

சென்ற வாரம் ஒரு காலையில், நீதிமன்றத்துக்குக் கிளம்பிய நேரத்தில், அவர் மனைவி பாப்பாத்தி அழைத்தார். "வக்கீலய்யா, அவரு போயிட்டாருங்க. தோட்டத்துக்குத் தண்ணி கட்டீட்டு வந்து கட்டில்ல உக்காந்தாருங்க, அவ்வளவுதானுங்க." குரலில் அழுகை இருந்தது, குறை இல்லை. எழுபது கடந்தவர், ஒரு நாளும் படுக்கையில் கிடந்ததில்லை.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு சிறிய விமானம். சில ஆண்டுகளுக்கு முன் ரேவதி என்னும் பயிற்சி விமானி தனியாக ஓட்டி வந்தபோது, அதன் எஞ்சின் வானிலேயே நின்றுவிட்டது. வீடுகளும் மின்கம்பிகளும் இல்லாத இடமாகப் பார்த்து, பொன்னுசாமியின் நிலத்தில் இறக்கினார். அது மழையை எதிர்பார்த்து அவர் உழுது போட்டிருந்த நிலம். புழுதியில் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிய ரேவதியைப் பொன்னுசாமி அரிவாளால் வாரை அறுத்து, தோளில் தாங்கி இறக்கினார். "பயப்படாதீங்க சாமி, தரைதானுங்க" என்றாராம். கைப்பேசியோடு ஓடி வந்தவர்களிடம் அவர் போட்ட சத்தத்தை ஊரே இன்றும் சொல்லிக் காட்டும்: "படம் பொறவு புடிக்கலாம், மொதல்ல பீடிய அணைங்கடா! எண்ணெ நாத்தம் மூக்குல ஏறலையா?" இவை நான் கேட்டவை.

விபத்து விசாரணைக்கு எழுத்து மூலம் வாக்குமூலம் தர வேண்டும் என்று பொன்னுசாமி என்னிடம் வந்தார். சாட்சியின் சொல்லை மாற்றக்கூடாது என்பது என் விதி. அவர் சொன்னபடியே எழுதினேன்: "விமானம் காட்டுக்கு மேலே ஒருமுறை தாழ வட்டமடித்து, பிறகு இறங்கியது." மானாவாரி நிலத்தை நம் பக்கத்தில் காடு என்போம். வெளியூரில் அதை மொழிபெயர்த்தவர் வனம் என்று எடுத்துக்கொண்டார். வனம் இருப்பது மலைப்பக்கம். அது ரேவதிக்கு அனுமதித்த பாதைக்கு வெளியே. வழி விலகவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்ததால், வேடிக்கைக்கு மலைவரை போய்விட்டு மறைக்கிறார் என்று ஆயிற்று. அவருடைய பறக்கும் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. நிரந்தரமாகப் போய்விடும் நிலை. பிழை என்னுடையது.

செய்தியைப் பொன்னுசாமியிடம் தயங்கித்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏனுங்க வக்கீலய்யா, நீங்களும் இந்த ஊருதானுங்களே? எங்காட்டுல புலி மேயுதுன்னு எழுதாம உட்டீங்களே, அதுவரைக்கும் நல்லதுங்க." பிறகு சிரிப்பை நிறுத்தி, "அந்தப் புள்ள பொழப்பு இதுல போகப்படாதுங்க. நானே வாரனுங்க" என்றார்.

சேலத்தில் விசாரணை. அதிகாரி வடக்கே இருந்து வந்தவர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். பொன்னுசாமி தன் சிட்டாவை நீட்டினார். அதில் புஞ்சை என்றிருந்தது. உங்கள் காட்டில் எத்தனை மரங்கள் என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு வேப்பமரமுங்க, அதும் வரப்போரம். மரம் நெறஞ்சு கெடந்தா அது மலைங்க. ஏரு போனா அது காடுங்க."

பிறகு விமானம் ஏன் கவிழ்ந்தது என்று கேள்வி வந்தது.

"அந்தம்மா நல்லாத்தானுங்க எறக்குச்சு. நாந்தானுங்க உழவு ஓட்டிப் போட்டேன். மழ வருமுன்னு ரேடியோவுல சொன்னாங்க. பிளேனு வருமுன்னு ஒருத்தரும் சொல்லலீங்க."

மொழிபெயர்ப்பாளர் முதலில் சிரித்துவிட்டுத்தான் பெயர்த்தார். அதிகாரியும் சிரித்தார். வாக்குமூலத்தில் 'காடு' என்பதை அடித்துவிட்டுப் 'புஞ்சை' என்று திருத்த நான் பேனாவை எடுத்தேன். பொன்னுசாமி என் கையைப் பிடித்தார். "அடிக்காதீங்க. நாஞ் சொன்னது காடுதானுங்க. அடிச்சா, மொதல்ல சொன்னது பொய்யின்னு ஆயிருமுங்க. பக்கத்துல வெளக்கம் எழுதுங்க."

சட்டப்படியும் அதுவே சரி. முப்பது ஆண்டு அனுபவம் இருந்தும் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ரேவதிக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டு நிலக்கடலை பிடுங்கும்போது அவர் பார்க்க வந்தார். பொன்னுசாமி செடியை உதறிக்கொண்டே கேட்டார்: "ஏஞ்சாமி, இந்தத் தடவ ரோட்டுலயே வந்துட்டீங்களா?" ரேவதி கடலை உரிக்க முடியாமல் சிரித்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு ஆண்டு தவறாமல் வந்தார். இறுதிச் சடங்குக்கும் வந்தார்.

பொன்னுசாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது: ஒருவர் சொன்ன சொல்லை அடிப்பதில்லை, அறியாதவர் படிப்பார் என்று எண்ணி, பக்கத்தில் விளக்கம் எழுதுகிறேன். ஆகவே இங்கும் முறைப்படி பதிவு செய்கிறேன். பொன்னுசாமியை அவர் விருப்பப்படி காட்டில் அடக்கம் செய்தோம்.

விளக்கம்: காடு என்பது இங்கே, அவர் உழுது விதைத்த சொந்தப் புஞ்சை நிலம். இந்தப் பருவத்திலும் உழுதிருக்கிறார்.

படித்துப் பார்த்து, சரியென ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
மு. தெய்வசிகாமணி, வழக்கறிஞர்

சாட்சிகள்:
1. பாப்பாத்தி, பொன்னுசாமியின் மனைவி
2. ரேவதி, விமானி