மடியில் வைத்த கைகள்

எங்கள் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சின்னப் பூங்கா. நவம்பர் மாதத்துப் பிற்பகல். ஒரு பஸ்ஸுக்குள் அடங்கக்கூடிய சனம்தான் வந்திருந்தது. நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பு, அந்தப் பகுதியில் பொலிஸ்காரர் ஒருவர் கறுப்பின இளைஞன் ஒருவனைச் சுட்டுக் கொன்றார். அவனிடம் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை. சுட்டவரை நீதிமன்றம் விடுவித்தது. அவனை நினைத்து அந்த மக்கள் இன்னும் கூடுகிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன் தானும் போகப்போவதாகச் சொன்னான். தனியாக விட மனமில்லாமல் நானும் காரில் ஏறினேன். ரோல்ஸ் பொரித்து ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டேன்.

“அம்மா, இது கோயில் திருவிழா இல்லை.”

“சனம் குளிருக்கை நிக்குமெல்லே. பசிக்காதோ?”

பூங்காவில் எனக்குப் பக்கத்தில் நின்ற கறுப்பினப் பெண்மணி ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துவிட்டு, உறைப்புக் காணாது என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். கொல்லப்பட்டவனின் தெருவில் வளர்ந்தவராம். முதல் ஊர்வலத்தில் தெரு கொள்ளாத சனமாம். “இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தோம். பிறகு இன்னொருவன். அவனுக்குப் பிறகு இன்னொருவன். இப்போது பெயர்களை வாசித்து முடிக்கவே நேரம் போதாது.” பிறகு என் மகனைப் பார்த்தார்.

“உன் பிள்ளையா? கார் ஓட்டுகிறானா?”

ஆம் என்றேன். அவர் இன்னொரு ரோல்ஸை எடுத்து அவனிடம் நீட்டினார்.

என் மகன் நல்ல கறுப்பு, உயரம். செயின்ட்-மிஷேல் பக்கம் போகும் பஸ்ஸில் ஹெயிட்டிக்காரர்கள், தங்கள் ஆள் என்று நினைத்து, அவனிடம் தங்கள் மொழியில் கதை கொடுப்பார்கள். அதைச் சொல்லிச் சிரிப்பான். பொலிஸ் மறித்த கதைகளைச் சொல்லும்போது சிரிக்கமாட்டான்.

திரும்பி வரும் வழியில் எங்களையும் மறித்தார்கள். டொலார்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கிட்ட வந்துவிட்டிருந்தோம். பின்னால் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் சுழன்றது. மகன் காரை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தான்.

நான் காலடியில் இருந்த கைப்பையை எடுத்துத் திறந்து உள்ளே கையை விட்டேன்.

யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிகளில் நாங்கள் அப்படித்தான் உயிர் வாழ்ந்தோம். ஆமிக்காரன் கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது. அடையாள அட்டை முதலே கையில் இருக்கவேண்டும். பை வாய் திறந்திருக்கவேண்டும். கேட்ட பிறகு தேடி எடுக்கிறவர்களைத்தான் அவன் வரிசையை விட்டு வெளியே கூப்பிடுவான். அந்த அவசரம் என் கைக்குள் ஊறிப்போயிருந்தது. பூங்காவில் அத்தனை நேரம் நின்று கேட்டதெல்லாம் அதற்கு எட்டவில்லை.

“அம்மா, பையை விடுங்கோ.” அவன் தலையைத் திருப்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. “கையை வெளியாலை எடுங்கோ. மெதுவா.”

பொலிஸ்காரர் மகனின் பக்கக் கண்ணாடியடியில் நின்றுவிட்டார். அவருடைய கை இடுப்பிலிருந்த துப்பாக்கிக்குப் போயிருந்தது. அவர் பார்த்தது என்னை. ஆனால் அவருக்கும் எனக்கும் இடையில் இருந்தது என் பிள்ளையின் நெஞ்சு.

நான் வெறும் கையை வெளியே எடுத்தேன். கார் யாருடையது, எங்கே போய் வருகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். மகன் பதில் சொன்னான். பத்திரங்களைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், போனார். ஏன் மறித்தார் என்று சொல்லவில்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் மகன் இறங்கவில்லை.

“என்ன செய்யவேணும் எண்டு எனக்குத் தெரியும், அம்மா. இனி உங்கடை கைக்குத்தான் நான் பயப்பிடவேணும்.”

உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். “ஒண்டும் நடக்கேல்லைத்தானே,” என்றார் என் கணவர், மிஞ்சி ஆறிப்போன ரோல்ஸைச் சாப்பிட்டபடி. நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அதன் பிறகு காரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் மகன் ஒரு கேள்வி கேட்கிறான்.

“அம்மா, கை எங்கை?”

கைப்பை பின் சீற்றுக்குப் போய்விட்டது. கைகளை விரித்து மடியில் வைத்துக் காட்டுவேன். அவன் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவான். வீட்டில் தனியாக இருக்கும்போதும் கதிரையில் அப்படி உட்கார்ந்து பழகினேன். இந்த வயதில் என் கைக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வரும்போது பின்னால் திடீரென்று வெளிச்சம் சுழன்றது. மகன் ஓரம் கட்டினான். எங்களைத் தாண்டிப் போனது ஓர் அம்புலன்ஸ்.

குனிந்து பார்த்தேன். என் வலது கை மடியில் இல்லை. காலடியில், அங்கே இல்லாத கைப்பையைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது.

அவனும் அதைப் பார்த்தான்.