ஐந்தாவது 'உம்'

நான் ஊர்வம்பு பேசுகிறவள்தான். கடப்பாக்கத்தில் அதை மறுப்பவர் யாரும் இல்லை, நானே மறுத்ததில்லை. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதை வாசனையிலும், யார் வீட்டில் என்ன சண்டை என்பதைப் பாத்திரம் விழும் சத்தத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். வெளியே சொல்லும்போது கொஞ்சம் உப்பும் காரமும் சேர்ப்பேன். ஆனால் இந்த ஒன்றில் ஒரு கல் உப்புகூடச் சேர்க்கவில்லை. நம்பாதவர்கள் பக்கத்து வீட்டு சைனம்பு பீவியைக் கேட்டுக்கொள்ளலாம். அவளுக்கும் எனக்கும் எதிலும் ஒத்துப் போகாது. இதில் மட்டும் ஒத்துப் போகும்.

1953ஆம் வருஷம், ஐப்பசி. அடைமழை.

சைனம்புவின் புருஷன் ரஹ்மத்துல்லா பாய் தம் நீள வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். சுவர் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம்தான். அதற்கு மேல் கூரை வரை வெறும் இடைவெளி. செங்கல் மிச்சம் பிடித்தார் மனுஷர். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் 'நூறு' என்று சொல்லலாம்.

இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும், ஆறு வயசு மகள் வேண்டாவும். முதல் இரண்டும் பெண்ணாய்ப் பிறந்து தங்கவில்லை. மூன்றாவதும் பெண் என்றதும் மாமியார் வைத்த பெயர் அது. பெயர்தான் வேண்டா. எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

அந்தப் பக்கம், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த சாராள் டீச்சர். செங்கல்பட்டுக்காரி. தனியாக வந்தாள், தனியாகச் சமைத்தாள், தனியாகச் சிரித்தாள். சந்தேகப்படாமல் இருக்க நான் என்ன கல்லா?

விளக்கு வைத்ததும் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைப்பாள். ஆளுக்கு ஒரு பிடி பொட்டுக்கடலை. பிறகு ஒரு தடித்த கதைப் புத்தகத்தை எடுத்துச் சத்தம் போட்டுப் படிப்பாள். ஏழு மணி வரை.

கிணற்றடியில் பிடித்துக் கேட்டேன்.

"இன்னா டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துல கத்துறது பத்தலியா? வூட்டுலயும் கடைய விரிச்சிட்டே?"

"இது பாடம் இல்லக்கா. சும்மா கேக்கட்டும். கேட்டுகினே இருந்தா ஒரு நாளு தானா படிக்க ஆரம்பிச்சிடுவாங்க."

"கேட்டாலே படிப்பு வருமா? அப்போ எங்க வூட்டு ஆடுகூட படிக்குமே!"

டீச்சர் சிரித்தாள். கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சைனம்பு காதைக் கடித்தாள். "சும்மா எவ பொட்டுக்கடலை குடுப்பா காசி? இதுல காரியம் கீது."

அதனால்தான் வேண்டாவை அனுப்பினேன். யார் வருகிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவரத்தான். வேவு பார்க்கப் போனவள் முதல் நாளே கட்சி மாறிவிட்டாள். திரும்பி வந்து பேசியதெல்லாம் நரியாரைப் பற்றித்தான். நரியார் தலைப்பாகை கட்டிக்கொண்டு படகில் பெண் பார்க்கப் போகிறாராம். சோறு பிசையும்போது நரி. தலை வாரும்போது நரி. பள்ளிக்கூடத்தில் அவள் இன்னும் ஆனா ஆவன்னாவைத் தாண்டவில்லை. ஆனால் காகிதம் சுற்றி வந்த மளிகைச் சாமானைப் பிரித்தால், அந்தக் காகிதத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கதை சொன்னால் கேட்கிறவர்கள் 'உம்' கொட்ட வேண்டும். உம் நின்றால் கதை நிற்கும். கதையை நிறுத்தும்போது சொல்கிறவர், "கதை முடிஞ்சிது, கத்தரிக்கா காச்சிது" என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் கேட்க வந்தது எழுந்து போகாது என்பார்கள். டீச்சர் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் உம் கொட்டுவார்கள். ஏழு மணிக்குப் புத்தகத்தைப் 'பட்'டென்று மூடி, "மீதி நாளைக்கி" என்று எழுந்துவிடுவாள்.

"கத்தரிக்கா சொல்லாம மூடுறியே டீச்சரம்மா?"

"புஸ்தகத்துல அது போடலியே அக்கா!"

படித்தவளிடம் என்ன பேச?

ஒரு வாரம் போயிருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பருப்பு கடைந்துகொண்டே சுவரோரம் காதை வைத்திருந்தேன். பிள்ளைகள் நாலு பேர். பாய் வீட்டு சுராயாவின் உம் மூக்கால் வரும். அவள் தம்பி சௌகத் அலி கத்துவான். எதிர்வீட்டு ரெபேக்காள் மகளுடையது பாதி கொட்டாவி. நாலாவது என் வேண்டா.

"நரியார் கண்ணாடியில் முகம் பார்த்தார்..."

உம். உம். உம். உம்.

கொஞ்சம் பொறுத்து...

உம்.

மத்தைக் கீழே வைத்தேன்.

மறுபடியும் அப்படியே. நாலு உம் சேர்ந்து வரும். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து ஐந்தாவது. சின்னக் குரல். வறண்ட குரல்.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. டீச்சர் ஒரு பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறாள்! கல்யாணம் ஆகாதவள்! அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. எப்போது விடியும், எப்போது சைனம்புவிடம் சொல்லலாம் என்று இருந்தது.

படுக்கும்போது வேண்டாவைக் கிளறினேன்.

"எத்தினி பேருடி உம் கொட்டுறீங்க?"

"நாலு பேரு."

"அஞ்சாவதா ஒண்ணு கேக்குதே?"

"அதுவா? அது நீதானேம்மா?"

"நானா?"

"நம்ம வூட்டுப் பக்கமா இருந்துதான் கேக்குது. உங்கம்மா சுவரு ஓரமா உக்காந்து உம் கொட்டுறாங்கன்னு டீச்சரே சொல்லிச் சிரிச்சாங்க."

ஒட்டுக்கேட்கிறவள் எங்கேயாவது உம் கொட்டுவாளா?

மறுநாள் சாயங்காலம் உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினேன். சுவருக்கு மேலே தலையை நீட்டினேன். அரிக்கேன் விளக்கு. டீச்சர். நாலு பிள்ளைகள். வேறு யாரும் இல்லை. அந்த அறையில் ஒளிந்துகொள்ள ஒரு பானைகூட இல்லை.

"படகுக்காரன் துடுப்பை எடுத்தான்..."

உம். உம். உம். உம்.

காத்திருந்தேன்.

உம்.

அந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை. சுவரின் மேல் நான் வைத்திருந்த கன்னத்துக்குப் பக்கத்தில்... காதோரத்தில்...

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கால் சிராய்ப்பு மட்டும் பத்து நாள் இருந்தது.

அன்றோடு வேண்டாவை நிறுத்திவிட்டேன். அவள் தரையில் புரண்டு அழுதாள். டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அனுப்புங்கக்கா. மத்த பசங்க பொட்டுக்கடலைக்கு வருதுங்க. இவ ஒருத்திதான் கதைக்கு வர்றா. இந்த ஆசைய இப்போ ஒடிச்சிட்டா அப்புறம் ஒட்ட வைக்க முடியாது."

"ஆசை கெடக்கட்டும். எனக்குக் கொழந்தை வேணும்" என்று கதவைச் சாத்தினேன்.

அப்புறம் வந்தது அந்தச் சனிக்கிழமை.

டீச்சர் மத்தியானமே செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். வாசலில் திண்டுக்கல் பூட்டு. புத்தகம் உள்ளே. என் வீட்டுக்காரர் உப்பு லாரியோடு மதுராந்தகம் போயிருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேண்டா என்னோடு பேசாமல் உள்ளறையில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். நான் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன்.

பாய் வீட்டுக் கடிகாரம் ஏழு அடித்தது.

உள்ளறையில் யாரோ படிக்கும் சத்தம்.

"நடு ஆற்றில் படகு நின்றுவிட்டது. நரியார் எட்டிப் பார்த்தார்..."

வேண்டாவின் குரல். 'ர' வராமல் குழையும் அதே குரல். தடங்கல் இல்லாமல் படித்தது. தண்ணீர் ஓடுவது போல.

எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. அடி என் ராசாத்தி! டீச்சர் சொன்னது பலித்துவிட்டதே! சைனம்புவின் பிள்ளைகள் இரண்டும் மூன்று வருஷமாக எழுத்துக் கூட்டுகின்றன. நாளைக்கு அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

"தண்ணீருக்குள்ளே ஒரு வீடு தெரிந்தது..."

உம்.

கரண்டி நின்றது.

வறண்ட குரல். தூக்கத்தில் பேசுவது போல.

சுராயா வந்திருக்கிறாளோ? இல்லை. வாசல் கதவுக்குத் தாழ் போட்டது நான்தான்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. புத்தகம் பூட்டிய வீட்டில் இருக்கிறது. இவள் எதைப் பார்த்துப் படிக்கிறாள்?

சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

வேண்டா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்த்து. நெற்றி சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. மடியில் புத்தகம் இல்லை. கையில் ஒன்றும் இல்லை.

"நரியார் கல்யாணப் புடவையைத் தானே உடுத்திக்கொண்டார்..."

உம்.

ஒவ்வொரு உம்முக்கும் அவள் தலை லேசாக ஆடியது.

"வேண்டா!" என்றேன். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

"முக்காடு போட்டுக்கொண்டு படகில் திரும்பினார்..."

உம்...

உம் தேய்ந்துகொண்டே வந்தது. படிப்பு வேகமாகிக்கொண்டே போனது. மூச்சு விடாமல். எந்தப் பிள்ளையால் இவ்வளவு நேரம் மூச்சு விடாமல்...

"கரையில் எல்லோரும் காத்திருந்தார்கள் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை..."

ம்...

"வீட்டுக்குள் அழைத்துப் போனார்கள்..."

ம்...

அவள் உடம்பு சரிந்தது. சுவரோடு ஒட்டியது.

எனக்கு அப்போது தெரிந்த ஒரே மந்திரம் அதுதான்.

"கதை முடிஞ்சிது! கத்தரிக்கா காச்சிது!"

தொண்டை கிழியக் கத்தினேன்.

சட்டென்று எல்லாம் நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

வேண்டா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அலறினாள் பாருங்கள்... பெற்ற தாயைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அப்படி அலறியிருக்காது. தூக்கப் போனால் உதைத்தாள். கடித்தாள். மேலெல்லாம் நெருப்பாகக் கொதித்தது. சைனம்பு குடையும் இல்லாமல் ஓடி வந்தாள். தண்ணீரில் ஓதி ஊதிக் குடிக்க வைத்தாள். விடியும்வரை பிள்ளையைத் தன் மடியைவிட்டு இறக்கவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நரியார் புடவை கட்டிக்கொண்டதுவரை. அவள் முகம் மாறியது. போய்ப் பூட்டைத் திறந்து புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"நான் படகு நடு ஆத்துல நிக்கிறது வரைக்கும்தான் படிச்சேன்" என்றாள்.

அதற்கு மேல் இருந்த தாள்கள் அச்சாபீசில் மடித்தபடியே ஒட்டிக் கிடந்தன. மடிப்பை இன்னும் யாரும் வெட்டவே இல்லை. அரிவாள்மணையில் வைத்து நானே கிழித்துக் கொடுத்தேன். டீச்சர் படித்தாள். தண்ணீருக்குள் வீடு. புடவை. முக்காடு. ஒரு சொல் மாறவில்லை.

அதன்பிறகு தினமும் ஏழு மணிக்கு டீச்சர் கத்தரிக்காய் சொல்லித்தான் புத்தகத்தை மூடினாள். உம் நாலாகவே இருந்தது. நாலாவது என் வேண்டாதான். ஜுரம் விட்டதும் அவளைத் தடுக்க முடியவில்லை. தடுக்க எனக்கும் மனசு வரவில்லை. என் மகள் எழுத்துத் தெரியாமலே புத்தகம் படித்தாள் என்று நான்தான் தெருத்தெருவாகச் சொல்லிவைத்திருந்தேனே! சுவரிலிருந்து உம் கொட்டியது எது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

கதை இதோடு நின்றிருந்தால் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வரும்.

ஆறு வருஷம் கழித்து. வேண்டாவுக்குப் பன்னிரண்டு வயசு. கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பெண்ணாகிவிட்டாள். ஒரு நாள், அதற்குப் பிறகு பிறந்த தன் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அவனுக்குக் கதை படித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை.

"அன்னிக்கும் இப்பிடித்தான்டி படிச்சே. தண்ணியாட்டம்" என்றேன்.

"என்னிக்கி?"

"ஆறு வயசுல. மழையில. உள்ரூம்புல."

வேண்டா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னிக்கி நான் படிக்கலம்மா. எனக்கு அப்போ எழுத்தே தெரியாதே. நான் உம்முதான் கொட்டிகினு இருந்தேன். தொண்டையே வறண்டு போச்சி."

"அப்போ படிச்சது யாரு?"

"இன்னாம்மா கேக்குறே? நீதான்."

நான் அஞ்சாவதுவரை படித்தவள். ஆனால் என் பிள்ளைக்கு ஒரு வரிகூட ஒரு நாளும் படித்துக் காட்டியதில்லை.

"சுவரு கிட்ட வாடின்னு கூப்பிட்டே. எனக்கு எவ்ளோ ஆசையா இருந்துச்சி தெரியுமா, அம்மா கதை படிக்கிறாங்கன்னு? தூக்கம் வந்துச்சி. நிறுத்தும்மான்னு திரும்பப் போனேன். திரும்பாத, உம் கொட்டுன்னே."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்புறந்தான் பின்னாடி இருந்து ஒண்ணு கத்திச்சி. கத்தரிக்கா காச்சிதுன்னு... திரும்பிப் பாத்தா விளக்கப் புடிச்சிகினு உன்னாட்டமே நின்னுச்சி."

தம்பியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அத்தப் பாத்துத்தாம்மா நான் அப்பிடி அலறினேன்."