கிருஷ்ணவேணி கேட்கும் இரண்டாவது கேள்வி

கிருஷ்ணவேணி நர்ஸம்மா "வலிக்கவே வலிக்காது" என்று எந்த நோயாளியிடமும் சொல்ல மாட்டாள். சொந்த ஊரான முசரவாக்கத்தில் சின்ன வயதில் பல்லைப் பிடுங்கும்போது அவளை அப்படிச் சொல்லித்தான் ஏமாற்றினார்கள். அந்தக் கோபம் முப்பது வருஷமாகியும் அடங்கவில்லை. காஞ்சிபுரத்தில் டாக்டர் பஞ்சாட்சரத்தின் ஆஸ்பத்திரியில், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அறை அவள் பொறுப்பு.

2002 புரட்டாசியில் சின்ன காஞ்சிபுரத்து தேவராஜன் வந்தார். கோயிலில் தினமும் பிரபந்தம் சேவிக்கிறவர். மூன்று மாதமாகச் சோறு நெஞ்சில் அடைத்து, ஆள் துரும்பாகிவிட்டார். வேறோர் இடத்தில் மயக்க ஊசி போடாமல் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக் குழாய் விட, பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடியவர்.

"இன்னொரு தடவை ஓடினார்னா கூட்டிண்டு வர என்னால ஆகாதும்மா. உள்ளே புண்ணா, புத்துநோயான்னு தெரியாம தூக்கமே இல்லை," என்று மனைவி வரலக்ஷ்மி கண்ணைத் துடைத்தாள்.

"தொண்டைக்கு மருந்து அடிப்பேன் சாமி, கசக்கும். ஊசி போட்டா தூக்கம் வரும். குழாய் போறப்ப கொஞ்சம் குமட்டும். நான் கையைப் பிடிச்சுக்கினு நிப்பேன்," என்றாள் கிருஷ்ணவேணி. அவர் முகம் சற்றுத் தெளிந்தது. "காலைல ஏதாச்சும் சாப்ட்டீங்களா?"

"பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலை."

பொய் சொல்கிற மனுஷரில்லை. ஆனால் கிருஷ்ணவேணி இந்த ஊர்த் தண்ணீர் குடித்தவள். அவர் காதில் துளசியைப் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போனீங்களா?"

"போகாம? பெருமாளைச் சேவிச்சுட்டு நேரா வரேன்."

"தீர்த்தம்?"

"ஆச்சு."

"பொங்கல்?"

"ஒரு தொன்னை. ஏம்மா, பிரசாதம் சாப்பாட்டுல சேர்த்தியா?"

அடக் கடவுளே! நெய் சொட்டும் பொங்கலோடு மயங்கிக் கிடந்தால், அது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடாதா? டாக்டர், "நாளைக்கு வரச் சொல்லு," என்றார். இன்று போனால் மனுஷர் நாளைக்கு வரவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"எட்டு மணி நேரம் கழிச்சு, கடைசி ஆளா வெச்சுக்கலாம் சார். நான் பாத்துக்கறேன்," என்று மல்லுக்கு நின்றாள். தேவராஜனைத் தன் கண்ணெதிரே உட்கார வைத்து, அவர் செருப்பை எடுத்து அலமாரியில் பூட்டினாள்.

"இப்ப ஓடுங்க பாக்கலாம்!"

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் சிரித்தார்.

மூன்று மணிக்கு ஊசி போட்டார்கள். குழாய் இறங்கியபோது ஒரு தரம் குமட்டி, அவள் விரல்களை இறுக்கினார். கண் சொருகியபடியே கிடந்தது. கால் மணியில் வேலை முடிந்தது.

"புண்ணாத்தான் தெரியுது. ஆறிடுச்சான்னு ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தரம் பாக்கணும்," என்றார் டாக்டர். வரலக்ஷ்மிக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதி அந்த 'இன்னொரு தரத்தில்' மாட்டிக்கொண்டது.

ஆறு வாரம் கழித்து, ஆஸ்பத்திரி திறக்கும்போதே தேவராஜன் வாசலில் நின்றார். பின்னால் மூச்சு வாங்க வரலக்ஷ்மி.

"கோயிலுக்குப் போனீங்களா சாமி?" என்று ஆரம்பித்தாள் கிருஷ்ணவேணி.

"போனேன். நாப்பது வருஷத்துல முதல் தடவையா தீர்த்தம்கூட வாங்கிக்கலை. 'கிருஷ்ணவேணி திட்டுவாள்'னு பெருமாள்கிட்டயே சொல்லிட்டேன்." வாழையிலைப் பொட்டலம் ஒன்றை அவளிடம் நீட்டினார். "பொங்கல். நீ சாப்பிடு, நான் போய்ப் படுத்துக்கறேன்."