ராமிரோவின் இடதுகால் பூட்ஸ்

பச்சைக் கொய்யாவைக் கடிப்பது போன்ற சத்தம் மாடிப்படியில் கேட்டால் ராமிரோ வருகிறார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது அவருடைய முழங்காலின் சத்தம். சத்தத்துக்குப் பின்னால் கற்பூரமும் புதினாவும் கலந்த தைல வாசம் வந்து சேரும், அம்மா அதற்கு 'மாட்டு வைத்தியர் வாசம்' என்று பெயர் வைத்திருந்தாள். நான் அப்போது பத்து வயதுச் சிறுமி, கரூரிலிருந்து நாங்கள் டெக்சாஸுக்கு வந்து சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஹூஸ்டனின் ஓரத்தில் இரண்டு மாடி அபார்ட்மெண்ட் ஒன்றில் மேல்தளத்தில் நாங்களும், எங்களுக்கு நேர் கீழே ராமிரோவும் குடியிருந்தோம். வீடுகளின் கதவுகள் எல்லாம் ஒரு நீண்ட திறந்த நடைபாதையைப் பார்த்துத் திறக்கும். இந்தக் கதைக்கு அந்த நடைபாதை முக்கியம்.

ராமிரோ மெக்சிகோவில் முதல் டிவிஷன் கால்பந்து ஆடியவர். அதுவும் டிஃபெண்டர், அதாவது எதிரணிக்காரன் கோல் போட வரும்போது குறுக்கே நிற்பது அவர் தொழில். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது, எதுவுமே நடக்காததற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். பிற்காலத்தில் நான் பார்த்த தீத்தடுப்பு ஆய்வாளர் வேலையும் இதே ரகம்தான் என்பதால் அவரைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. சின்ன வயதில் முன்வரிசையில் கோல் போடத்தான் சேர்ந்தாராம். வேகம் போதாது என்று பயிற்சியாளர் அவரைப் பின்வரிசைக்குத் தள்ளினார். அங்கே ஒரு நாள் ஊரே கொண்டாடிய இளைஞன் ஒருவனின் காலை உடைத்துவிட, பத்திரிகைகள் அவருக்குக் 'கசாப்புக்காரன்' என்று பட்டம் கட்டின. அடுத்த வருடம் இன்னொருவன் இவருடைய இடது காலை உடைத்தான், அதற்கு எந்தப் பத்திரிகையும் யாருக்கும் பட்டம் தரவில்லை. எலும்பு கூடியபோது அந்தக் கால் ஒரு விரல்கடை குட்டையாகிவிட்டிருந்தது. லியோன் என்ற ஊரின் செருப்புத் தைப்பவர் ஒருவர் இடது பூட்ஸுக்குள் தோலாலேயே ஒரு மேடு வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்த மேட்டில் ஏறி நின்றுதான் ராமிரோ இரண்டாவது டிவிஷனில் சில வருடம் ஓட்டினார். பிறகு அங்கேயும் வேண்டாம் என்றார்கள். கடைசியில் டெக்சாஸுக்கு வந்து, பனிச்சறுக்கு அரங்கத்தில் பனிமேல் கம்பளம் விரித்து ஆடும் உள்ளரங்கக் கால்பந்து அணி ஒன்றில் சேர்ந்தார்.

அப்பாவின் பழைய கார் நின்றுபோன ஒரு காலையில் அதைத் தள்ளிவிட்டதில் பழக்கமாகி, சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அப்பா அவரை 'ராமு' ஆக்கிவிட்டார். அப்பாவின் எண்ணெய்க் கம்பெனி நண்பர் சுந்தரம் அங்கிளுக்கு அவரைச் சீண்டாமல் சோறு இறங்காது.

"எத்தனை கோல் போட்டிருக்கீங்க ராமு?" என்று ஆங்கிலத்தில் ஒருநாள் கேட்டார்.

ராமிரோ தன் உடைந்த ஆங்கிலத்தில், ஒன்று, ஆனால் எங்கள் கோலிலேயே, என்றார்.

சுந்தரம் அங்கிள் புரையேறும்வரை சிரித்துவிட்டு, தமிழில் எங்கள் பக்கம் திரும்பி, "அட, இவரு எந்தப் பக்கத்துக்கு ஆடுறாருன்னு யாராச்சும் அவர்கிட்ட சொன்னாங்களாப்பா?" என்றார். ராமிரோவும் சேர்ந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அந்த ஏப்ரலில் கால்பந்து சீசனின் கடைசி ஆட்டம் ஞாயிறு மாலை இருந்தது. அணியில் வயதான டிஃபெண்டர்கள் இரண்டு பேர். ஒருவரைத்தான் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்வோம், அன்றைய ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்வோம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒப்பந்தம் இல்லையென்றால் விசா இல்லை, விசா இல்லையென்றால் ஊரிலிருக்கும் மனைவியையும் மகளையும் அழைத்துவர முடியாது. மகளை என் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தது. அவளுக்கு என் பக்கத்து நாற்காலியைப் பிடித்து வைக்கும்படி என்னிடம் சொல்லியிருந்தார்.

அதே ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சத்தியநாராயண பூஜை, அப்பாவுக்கு கிரீன் கார்ட் வந்ததற்காக. ஊரிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அந்தச் சின்ன ஹாலில் அடைந்திருந்தன, வெளியே நடைபாதையில் செருப்புகள் மலையாகக் கிடந்தன. அரங்கத்துக்குப் போகும் வழியில் ராமிரோ பிரசாதம் வாங்க மேலே ஏறி வந்தார், தோளில் பூட்ஸ் பை. போட்டிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பையோடு உள்ளே காலை வைத்தார்.

"ஏங்க, அந்தப் பைய வெளியவே வெக்கச் சொல்லுங்க, பூட்ஸு தோலுங்க. சாமி காரியம்" என்றாள் அம்மா.

அப்பா மொழிபெயர்த்தார். ராமிரோ ஒரு கணம் பையைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு அதைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் செருப்புக் குவியலின் ஓரத்தில் வைத்தார். உள்ளே உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களின் இடுப்பிலும் தோல் பெல்ட் இருந்தது, பின்பாக்கெட்டில் தோல் பர்ஸும் இருந்தது. அவற்றைத் தோல் என்று யாரும் கருதவில்லை.

இரண்டு நாள் முன்பே எல்லாக் கதவிலும் மேலாளர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்: திங்களன்று தீயணைப்புத் துறை ஆய்வு, நடைபாதையில் கிடக்கும் சைக்கிள், கறி சுடும் கிரில் போன்ற பொருள்கள் ஞாயிறன்று அகற்றப்படும். அப்பா அதைப் படித்தார். படித்துவிட்டு, "இது சைக்கிள், கிரில் வெச்சிருக்கறவங்களுக்கு. செருப்பெல்லாம் ஒரு பொருளா?" என்றார். எங்கள் ஜனங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வாசலில் செருப்பு கிடப்பது வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். அகற்றுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

கேசரியும் கையுமாக வெளியே வந்தபோது நடைபாதை கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. பராமரிப்பு ஆள் எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் அள்ளிக்கொண்டு போய்க் குப்பை நசுக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டிருந்தான், இயந்திரம் ஓடியும் முடித்திருந்தது. வேட்டி கட்டிய அங்கிள்மார்கள் தார் கொதிக்கும் கார் நிறுத்தத்தில் குதித்துக் குதித்து ஓடியதைக் எதிர்க் கட்டடத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் பால்கனியில் வரிசையாக நின்று பார்த்தார்கள். ராமிரோ மட்டும் ஓடவில்லை. வெறுங்காலோடு அந்த இயந்திரத்தின் அருகே நின்று, அதன் மூடிய வாயைத் தட்டிப் பார்த்தார்.

அப்பா உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார், என்றாவது டென்னிஸ் ஆடலாம் என்று வாங்கி வைத்திருந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. "புதுசு ராமு. பாக்ஸ்லயே இருக்கு. நம்ம சைஸுதான்" என்றார். உண்மையில் அப்பா நல்லவர். உதவி செய்ய நேரும்போதெல்லாம் நல்லவராகவே இருந்தார்.

ராமிரோ தந்திருந்த இலவச டிக்கெட்டில் அப்பாவும் சுந்தரம் அங்கிளும் நானும் ஆட்டம் பார்க்கப் போனோம். அங்கிள் அப்பாவின் அலமாரியிலிருந்த பழைய செருப்பு ஒன்றில் வந்தார். கம்பளத்தின் மேல் அந்த வெள்ளை ஷூ தனியாகத் தெரிந்தது. முதல் சில நிமிடங்கள் ராமிரோ தன் வழக்கப்படி நின்றார், எதுவும் நடக்கவில்லை. பிறகு எதிரணியில் ஒரு பொடியன் இவருடைய இடது பக்கத்தைக் கண்டுபிடித்தான். இவர் திரும்பும்போதெல்லாம் அந்தக் கால், இப்போது இல்லாத மேட்டைத் தேடிப் பள்ளத்தில் இறங்கியது, பொடியன் அந்தப் பக்கமாகவே வந்தான், போனான், கோல் போட்டான், மறுபடியும் வந்தான். மூன்றாவது கோலுக்குப் பிறகு எங்கள் வரிசையில் ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் விழுந்திருந்தால், எலும்பு முறிந்திருந்தால் அடிபட்டவர் என்றாவது சொல்லியிருப்பார்கள். அவர் விழவில்லை. மெதுவானவராக மட்டும் தெரிந்தார். பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்தபோது வேலியோரம் உட்கார்ந்து முதல் காரியமாக ஷூவின் நாடாவை அவிழ்த்தார்.

"பரவால்ல, உங்க ஷூ கிழியல" என்றார் சுந்தரம் அங்கிள் அப்பாவிடம்.

ஒப்பந்தம் இன்னொருவருக்குப் போயிற்று. அதற்கடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகளில் பேச்செல்லாம் செருப்பைப் பற்றித்தான். சென்னையில் வாங்கிய கோலாப்பூரியைப் பற்றி ஒரு ஆன்ட்டி கண்ணீர் விட்டாள். ராமிரோவின் பேச்சு வந்தபோது அப்பா, "எப்படியும் இந்த வருஷம் முடிஞ்சிருப்பாருங்க. வயசாயிடுச்சு" என்றார், எல்லோரும் தலையாட்டினார்கள். பள்ளியில் என் பக்கத்து நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்தாள்.

மே மாதம் ஒரு காலையில் எங்கள் கதவுக்கு வெளியே அந்தப் பெட்டி இருந்தது. ஷூவைத் துவைத்து, காயவைத்து, உள்ளே காகிதம் அடைத்து வைத்திருந்தார். கதவைத் தட்டியிருக்கவில்லை. கீழ்வீடு காலியாக இருந்தது. "அடுத்தவங்க தோத்துட்டு வந்த செருப்பு, உள்ள கொண்டாறாதீங்க" என்றாள் அம்மா. பெட்டி அங்கேயே கிடந்து, ஒருநாள் பராமரிப்பு ஆளோடு போயிற்று.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. நான் இப்போது குடியிருக்கும் சுகர் லேண்டிலிருந்து ஃப்ரீவே நெடுஞ்சாலையில் போகும்போது பார்க்கிறேன், அங்கே சாமான்களைப் பூட்டி வைக்கும் கிடங்கு நிற்கிறது. அப்பா இல்லை, சுந்தரம் அங்கிள் இல்லை. அப்படி எல்லாக் கதவுகளும் ஒரே நடைபாதையில் திறக்கும் வீடுகளையும் இந்தப் பக்கத்தில் இப்போது அதிகம் கட்டுவதில்லை. நகராட்சியின் தீத்தடுப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து நான் சாதித்தது ஒன்றுதான்: ஆய்வுக்கு முன் கதவுகளில் ஒட்டும் அறிவிப்பில் சைக்கிள், கிரில் என்ற சொற்களுக்குப் பின்னால் 'காலணிகள்' என்று ஒரு சொல்லைச் சேர்க்க வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் ஒரு மாடி நடைபாதையில் செருப்பு மலை ஒன்றைப் பார்த்து நின்றேன். உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த பெண் என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். "ஆன்ட்டி, நோட்டீஸ் பார்த்தோம். அது சைக்கிள், கிரில்லுக்குத்தானே? ஷூவெல்லாம் கவுன்ட் ஆகுமா?"

கதவில் ஒட்டியிருந்த தாளில் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினேன்.

"அய்யோ, இதைக்கூடவா எழுதுவாங்க!" என்று சிரித்தாள்.

மணி அடித்து முடியும்வரை காத்திருந்தேன், அதற்கு விதியில் இடமுண்டு. பிறகு மேலாளரிடம் அகற்றச் சொன்னேன். குவியலின் ஓரத்தில் ஒரு விளையாட்டுப் பை இருந்தது. திறந்து பார்க்கவில்லை, அதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது.